பதினேழரை

லீபாயாவில் மோதிரம் வாங்கப் போனோம்,
ஏழாம் மாத வயிற்றை முன்னே அனுப்பிவிட்டு
பின்னால் நானும் குந்திஸும்.

கடைக்காரி வெல்தா
சாவிக்கொத்து மாதிரி ஒரு வளையக்கொத்தை
மேசைமேல் போட்டாள்.
பதினெட்டு நுழையவே இல்லை.
பத்தொன்பது கணுவில் நின்று யோசித்தது.
இருபது உள்ளே போய்விட்டு
வெளியே வர சோப்பு கேட்டது.

"காலையில் வந்து பாருங்கள்."
காலையில் அரை அளவு குறைந்தது.
கடல்காற்று அடித்த அன்று இன்னொரு கால்.
உப்புமீன் தின்ற மறுநாள்
குறைந்ததெல்லாம் ஏறிக்கொண்டது.

"பிள்ளை பிறந்தால் வீக்கம் வடிந்துவிடும்.
பழைய விரலுக்குத்தான் செய்யவேண்டும்.
அது என்ன அளவு?"

தெரியவில்லை.
முப்பத்தாறு வருஷம் கூடவே இருந்த விரல்.
டிராம் ஓட்டி, முடி பின்னி,
யார் யாரையோ சுட்டிக்காட்டிய விரல்.
உன் சுற்றளவு என்னவென்று
ஒருநாளும் கேட்டதில்லை நான்.

"பதினேழு" என்றான் குந்திஸ்,
சுவர்க்கடிகாரங்களைப் பார்த்தபடி.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்
பாலத்துக்கு இந்தப் பக்கம் என் டிராம் படுத்துவிட்டது.
பயணிகள் திட்டிக்கொண்டே நடந்துபோனார்கள்.
பட்டறையிலிருந்து வந்தவன் பெயர்கூடச் சொல்லாமல்
வண்டிக்கு அடியில் போய்விட்டான்.
கழற்றிய வாஷர்களை ஒவ்வொன்றாக நீட்டினான்.
பனியில் விழுந்தால் கிடைக்காதே என்று
விரலில் மாட்டிக்கொண்டு டார்ச் பிடித்தேன்.

"பதினாறாம் நம்பர் போல்ட்டின் வாஷர்.
உள்விட்டம் பதினேழு மில்லிமீட்டர்.
ஆடாமல் நின்றது" என்றான் வெல்தாவிடம்.
பிறகு, கொஞ்சம் கழித்து,
"மூன்று கொடுத்தேன். இரண்டுதான் திரும்பி வந்தது."

மூன்றாவது எங்கே என்று அவன் கேட்கவில்லை.
நான் கோட்டுப்பையில் கை விட்டுக்கொண்டேன்.

"குளிர்காலத்து விரலை நம்பக்கூடாது" என்று
வெல்தா ஒரு அரையைச் சேர்த்து எழுதினாள்.

சனிக்கிழமை, பதிவு அலுவலகம்.
மோதிரம் முதல் கணுவைத் தாண்டவில்லை.
துருவேறிய போல்ட்டைச் சுத்தியலால் அடிக்கிறவன்
அதை அழுத்தவே இல்லை,
என் விரல்நுனியைப் பிடித்தபடி நின்றான்.
அதிகாரி பக்கத்தைப் புரட்டாமல் காத்திருந்தார்.
"ஆகஸ்ட் வரட்டும்" என்றேன்.

சாப்பாட்டின்போது சுண்டுவிரலில் போட்டுக்கொண்டேன்.
அங்கே அது தொளதொளவென்று சுற்றியது.
கோப்பையில் இடிக்கும்போதெல்லாம்
எங்கோ ஒரு திருகு கழன்ற சத்தம்.

விருந்தாளிகள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.
குந்திஸ் மட்டும்
ஒவ்வொரு முறையும் தலைநிமிர்ந்தான்.