வியாழக்கிழமைக்குள்

குஷிரோவில் மூடுபனி
மாடிப்படி ஏறி வந்து
செருப்பைக் கழற்றாமலே உள்ளே நுழையும் மாதம்.
மூன்றாம் தளத்து வாடகை அறையில்
ஃபுயுமி கறுப்பு நிரப்புகிறாள்.

அதுதான் அவள் வேலை.
கோடுகள் குஜிராயுடையவை.
முகம், கை, கதவிடுக்கில் தெரியும் கண்
எல்லாம் அவர்.
இரவு மட்டும் இவள்.
பக்கத்துக்கு இத்தனை யென் என்று
பதினொரு வருஷமாக
இரவு விற்றுப் பிழைக்கிறாள்.

மேசையின் ஆட்டத்தை நிறுத்த
ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்திருப்பது
பழைய கதைத்தொகுப்பு.
கடலுக்கு அப்பால் எவனோ எழுதியது,
யாரோ ஜப்பானியத்துக்குக் கொண்டுவந்தது.
அட்டை போய்விட்டது, முதல் கதையும் போய்விட்டது.
பதினாலு வயதில் அதைப் படித்துவிட்டு
குஜிராய் மூன்று நாள் படகுத்துறைப் பக்கம் போகவில்லையாம்.
மீன்பிடிப்பவர் வீட்டுப் பிள்ளை.
அப்பா அடித்தாராம்.

முக்கியமான இடம் வரும்போதெல்லாம்
அந்த ஆள் எழுதுகிறான்:
சொல்லில் அடங்காதது.
விவரிக்க இயலாதது.
எழுதிவிட்டு
விளக்கணைத்துத் தூங்கப் போயிருப்பான்.

குஜிராய்க்கு அந்த வசதி இல்லை.
வியாழக்கிழமை கூரியர்காரர் வருவார்.
பதினெட்டாம் பக்கம், முழுப்பக்கக் கட்டம்,
தாளைப் புரட்டியதும் அது எதிரில் நிற்கவேண்டும்.
'விவரிக்க இயலாதது' என்று
பேச்சுக்குமிழில் எழுதி அனுப்பினால்
இதழாசிரியர் இசோகாய் திருப்பி அனுப்புவார்,
தபால் செலவு உங்களுடையது என்று.

ஆறு முறை வரைந்தார்.
முதலில் கணவாய் மாதிரி வந்தது.
கணவாய் என்றால் இந்த ஊரில் ராத்திரிச் சாப்பாடு.
பிறகு ஆயிரம் கண்கள்.
மூக்குக்கண்ணாடிக் கடை விளம்பரம் என்றாள் ஃபுயுமி.
அவர் சிரிக்கவில்லை.

"நம் பக்கத்துப் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும்" என்றார்,
மண்ணெண்ணெய் அடுப்பில் விரல் காய்ச்சியபடி.
"நூறு விளக்கேற்றி, கதைக்கு ஒன்றாய் அணைத்து
அந்தக் காலத்தில் சொன்னார்களே,
அதில் வரும் பெண்கள்
கிணற்றிலிருந்து எழுந்தாலும்
யாரைத் தேடி எழுந்தோம் என்று தெரிந்துதான் எழுவார்கள்.
துரோகம் செய்தவன் வாசல் அவர்களுக்கு மறக்காது.
காலில் விழலாம். சூத்திரம் ஓதலாம்.
இதனிடம் என்ன கேட்பது?
இதற்கு நம்மேல் கோபம்கூட இல்லை."

அடுப்பு இரண்டு முறை இருமி அணைந்தது.
எண்ணெய் வாங்க அவர் இறங்கிப் போனார்.

துறைமுகச் சங்கு ஊதி ஓய்ந்தது.
ஃபுயுமி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள்.
மேல் விளிம்பிலிருந்து தொடங்கினாள்.
தூரிகை போதவில்லை, பஞ்சால் தோய்த்தாள்.
ஒரு புட்டி, பிறகு இன்னொன்றில் பாதி.
இன்மைக்கும் மை வேண்டியிருக்கிறது.
காய்ந்ததன்மேல் மறுபடி பூசினாள்,
தாள் நனைந்து, ஓரம் சுருண்டு,
கறுப்புக்கு ஓர் ஆழம் வரும்வரை.
இடது மூலையில் மட்டும்
அரிசியளவு வெள்ளை விட்டாள்.
ஒரு கூரை, ஒரு ஜன்னல்,
உள்ளே யாரோ விழித்திருக்கும் வெளிச்சம்.

குஜிராய் எண்ணெய் டப்பாவைக் கீழே வைக்காமலே பார்த்தார்.
"இதில் அது எங்கே?"
"இன்னும் இந்த வீட்டைக் கவனிக்கவில்லை" என்றாள்.
அவர் பென்சில் எடுத்து ஓரத்தில்
பதினெட்டு என்று எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து
நெமுரோ போகும் ஒற்றைப்பெட்டி ரயிலில்
எதிர் இருக்கையில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர்
மடியில் அந்த இதழை விரித்திருந்தார்.
கடற்பாசி வாடை.
ஃபுயுமி அவர் கட்டைவிரலையே பார்த்தாள்.
பதினைந்து. பதினாறு.
பதினேழில் கொஞ்சம் நின்றது.
புரட்டினார்.

பார்த்தார்.
வாயைத் திறந்தார்.
கடைவாய்ப்பல் தெரிய, கண்ணில் நீர் முட்ட,
அவசரமே இல்லாமல்
ஒரு பெரிய கொட்டாவி.
அடுத்த பக்கம்.

முதலில் காது சுட்டது அவளுக்கு.
ஒன்றரைப் புட்டி மை.
பிறகு, அந்த வாய் மூடிய விதத்தை
யோசிக்க யோசிக்க,
பிடரியில் ஏதோ குளிர்ந்தது.
அதை வரைந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.
பையில் பென்சில் தேடினாள்,
சில்லறை, சாவி, பாதி தின்ற சோற்றுருண்டை.

வெளியே, மூடுபனிக்குள்,
விளக்கெரிந்த ஒரு வீடு கடந்து போனது.
ஃபுயுமி கவனிக்கவில்லை.