நாலு பத்து

மேட்டூரில் திறந்த தண்ணீர்
எங்கள் ஊரைத் தொடுமுன்
நான் மன்னார்குடிக்கு வந்துவிட்டேன்.
வேதியியல், முதலாமாண்டு.
பையில் புது வெள்ளைக் கோட்டு,
பழைய டிபன் பாக்ஸ்.

மூன்றாம் நாள்
வகுப்புப் பிரதிநிதி யார் என்று கேட்டார்
ரெங்கநாயகி மேடம்.
மின்விசிறி மட்டும் ஏதோ சொன்னது.
உருண்டோடிய பேனா மூடியை எடுக்கக் குனிந்தவள்
மேசையைப் பற்றி எழுந்தேன்.
கை தூக்கியதாகப் பட்டதாம்.
"சரி, நீயே இரு."
யாரும் கைதட்டவில்லை.
சாக்பீஸ் டப்பா கைக்கு வந்தது.

ஆய்வகம் முடிய நாலரை.
கோட்டூர் வழி பஸ் நாலு பத்துக்கு.
விட்டால் ஆறே முக்கால்.
பியூரெட்டைக் கழுவாமல்
பாதிக் கணக்கில் ஓடுவோம்.
கரைசலின் நிறம் மாற்றும் அந்த ஒரு சொட்டை
ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

ஓர் இரவு கண்விழித்து மனு எழுதினேன்.
மாண்புமிகு, தாழ்மையுடன், ஆவன செய்யுமாறு.
என் கையெழுத்து எனக்கே பிடித்தது.
மறுநாள் பெஞ்சு பெஞ்சாக நீட்டினேன்.
நாலு பேர் போட்டார்கள்,
என்னையும் சேர்த்து.

கூத்தாநல்லூர் பர்ஹானா
முழுதும் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்:
"இதுல உன் பஸ் இருக்கு.
எங்க பஸ் எங்கே?"

இவர்களுக்காகத்தானே விழித்தேன் என்று
ஆறே முக்கால் வரை கொதித்த கோபம்
வாய்க்கால் பாலம் தாண்டும்போது
வேறு பக்கம் திரும்பியது.
நாங்கள் கடைமடைக்காரர்கள்.
மேலே மதகை அடைப்பவனை
ஆடி முழுக்கத் திட்டி வளர்ந்தவள் நான்.
அவனும் தன் வயலைத்தான் பார்த்திருப்பான்,
என் மனுவைப் போல.

அதன்பின் எழுதவில்லை, கேட்டேன்.
ஒரு வாரம், சாப்பாட்டு நேரம்,
நோட்டின் கடைசிப் பக்கம்.
வடுவூர் சுகிர்தாவுக்கு பஸ் இருக்கிறது, நிற்பதில்லை.
விடுதி அமலதாஸுக்கு பஸ்ஸே வேண்டாம்:
"எங்க தண்ணித் தொட்டியையும் ஒரு வரி சேத்துக்க,
போடறேன்."
முடியாது என்று முகம் பார்த்துச் சொன்னதும்
அந்த வாரம்தான்.
அவன் போடவில்லை.
மூன்று துறையும் சேர்ந்து
நாயன்மார் கணக்கில் அறுபத்து மூவர் போட்டார்கள்.

பணிமனை மேலாளர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"யாரும்மா லீடர்?"
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நானும் திரும்பிப் பார்த்தேன்,
எனக்குப் பின்னால் காலண்டர்தான் இருந்தது.
"ஐயா" வரை வந்த குரல்
அங்கேயே நின்றது,
பேட்டரி போன வண்டியாக.
பர்ஹானா முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.
கிளம்பியது.

கிடைத்தது பத்து நிமிடம்.
நாலு இருபது.
"அதுக்கு மேல டூட்டி இடிக்கும்மா."
மீதிக் கால்மணியை
மதிய இடைவேளையில் வெட்டி எடுத்தோம்,
மேடத்திடம் மூன்று முறை கேட்டு.
தயிர்சாதத்தை அள்ளி விழுங்கியபடி
என்னைத் திட்டுகிறவர்கள் இன்னும் உண்டு.

கூத்தாநல்லூர் பஸ் மாறவே இல்லை.
அடுத்த மனுவை பர்ஹானா எழுதுகிறாள்.
கையெழுத்துக்கு நான் அலைகிறேன்.

இன்று வெள்ளி.
பியூரெட்டை அவசரமின்றித் திறந்தேன்.
சொட்டு. சொட்டு.
பிறகு, அந்தச் சொட்டு.
குடுவை முழுக்க மெல்லிய ரோஜா நிறம்,
குலுக்கியும் போகவில்லை.

நாலு பத்தொன்பது.
பஸ்ஸில் ஏறியவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
வாரக் கடைசிக்கு ஊர் போகிற அமலதாஸ்
பெட்டியோடு வேப்பமரத்தடியில் ஓடி வருகிறான்.
நடத்துநர் விசிலை உதட்டில் வைத்தாயிற்று.
ஒரு கால் படியில் இருக்கிறது எனக்கு.
இன்னொன்றைத் தரையிலிருந்து
எடுக்கவில்லை.