மூன்று கட்டங்கள்

துலூத் நகரம். ஏரி உறைந்துவிட்டது.
நிலையத்தின் இரண்டாம் மாடியில் எனக்கு
ஒரு தொலைபேசி, ஒரு குறிப்பேடு,
வலது முழங்காலை மட்டும் சுடும் ஒரு ஹீட்டர்.

பக்கத்துக்கு மூன்று கட்டம் அச்சடித்திருக்கும்:
பிடித்தது. பிடிக்கவில்லை. பிற.
மேலாளர் முதல் இரண்டை எண்ணுவார்.
'பிற' கட்டம் விரல்கடை அகலம்.
என் கையெழுத்து எப்போதும் அதில்தான்
விளிம்பு தாண்டி ஓடும்.

வியாழன் இரவு பத்துக்கு
'கோட்டுக்கு வெளியே' முடிகிறது.
பத்து ஒன்றுக்கு மணி அடிக்கிறது.

பதினோரு வருடம் பணத்தையே தொடாத பெண்ணைக்
காட்டிய வாரம்
பழைய வங்கிக்காரர் ஹால்வர்சன் கத்தினார்:
"சோம்பேறிக்கு ஒரு மணி நேரமா?"
எழுதிக்கொண்டேன். அவர் வைக்கவில்லை.
"அவளுக்குக் காலணி எங்கிருந்து வருகிறது?
அதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?"

பூமி உள்ளீடற்றது என்பவரின் வாரத்தில்
ஓர் இயற்பியல் ஆசிரியர்
நாற்பது நிமிடம் என்னைத் திருத்தினார்.
நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.
கடைசியில், தயங்கி,
அந்த ஆளின் முகவரி கிடைக்குமா என்றார்.

போருக்குப் போக மறுத்து
பள்ளிப் பேருந்தொன்றில் அச்சுக்கூடம் நடத்துபவர்
வந்த இரவு, ஒரு பெண்மணி.
திட்டுவார் என்று பேனாவை
இரண்டாம் கட்டத்தில் வைத்துக் காத்திருந்தேன்.
"அவருக்குத் தலை நரைத்துவிட்டது, இல்லையா?" என்றார்.
"என் டேலுக்கும் இந்த வயதுதான் ஆகியிருக்கும்."
பேனா வைத்த இடத்தில் ஒரு புள்ளி.

நேற்று தோய்வோ கங்காஸ்.
பனிமேல் மீன்பிடிக் குடிசை, மூன்று வாட் வானொலி,
உரிமம் கிடையாது.
செவ்வாய் இரவுகளில் ஏரியில் மூழ்கிய கப்பல்களின்
பெயர்களை வாசிக்கிறார்.
பெயர்களை மட்டும். பாட்டு இல்லை, விளம்பரம் இல்லை.

பைத்தியம் என்றார் ஒருவர்.
என் வரிப்பணம் என்றார் இன்னொருவர்,
வரி கட்டும் குரலாக அது இல்லை.
"அவன் போட்டிருப்பது என் வீட்டுக்காரர் சட்டை," என்றாள்
அவர் தங்கை ஐலி.
"திருப்பித் தரச் சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள்.
பொத்தானை யாரோ தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்."

பெர்னிஸ் டுஃபோ என்று ஒரு கிழக்குரல்,
கோபமாக:
"அல்டினாவை அந்த மனுஷர் ஆல்டினா என்கிறார்.
நீட்டக் கூடாது. எங்கள் அப்பா போன கப்பல் அது.
பதினாறு வருடமாகத் தப்பாகவே சொல்கிறார்."
பிடிக்கவில்லை என்ற கட்டத்தில் போட்டேன்.

ஒன்று நாற்பதுக்குக் காசு விழும் சத்தம்.
பெட்ரோல் பங்க் பொதுத் தொலைபேசி. லாரி இரைச்சல்.
"நான்தான் அது," என்றார். "என்னிடம் டிவி கிடையாது.
என்ன சொன்னார்கள்?"

இப்படிக் கேட்டால் என்ன செய்வது என்று
பயிற்சியில் சொல்லித் தரவில்லை.
"பிடிக்கவில்லை ஒன்பது, பிடித்தது ஐந்து," என்றேன்.
"அது இருக்கட்டும். டிவியைச் சொல்லவில்லை.
வானொலியை... யாராவது கேட்டதாக?"

பக்கத்தை மேலிருந்து கீழே தடவினேன்.
பைத்தியம், வரி, சட்டை,
உரிமம், தாடி, மறுபடி பைத்தியம்.
பிறகு பெர்னிஸ்.
வாசித்தேன், கோபம் உட்பட.

இன்னொரு காசு விழுந்தது.
"பதினாறு வருடமா?" என்றார்.
"பதினாறு."
"நீட்டக் கூடாதா?"
"குட்டையாகத் தொடங்கச் சொன்னார்."
மெல்லச் சொல்லிப் பார்த்தார். அல்டினா.
இன்னொரு தடவை.
சரிதான் என்று சொல்வதற்குள் இணைப்பு போயிற்று.

காலையில் மேலாளர் ஒன்பதுக்கு ஐந்து என்று
கூட்டி எடுத்துப் போனார்.
அடுத்த பருவம் சந்தேகம் என்று பேச்சு.

செவ்வாய்க்கிழமை என் சமையலறை வானொலியில்
அந்த அலைவரிசையைத் தேடினேன்.
மூன்று வாட் எங்கள் மேடு ஏறவில்லை.
வெறும் இரைச்சல்.
அதைக் கேட்டபடியே
கூடைத் துணி முழுவதையும் மடித்து முடித்தேன்.