நாற்பத்தேழாம் கல்

வில்னியுஸில் பிப்ரவரி. ஹீட்டர் முனகுகிறது.
கல்லை ஆல்கஹாலில் துடைத்து
நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கிறாள் ஷருனே.
இருநூறு மடங்கில்
விளிம்பு ஒரு மலைத்தொடர்.
எண்ணெய்ப் பிசுக்காய் மினுங்கினால் தோல்;
கண்ணாடியாய் மின்னினால் நாணல்.

போன வாரம் முழுக்க
புதுக்கல் உடைத்து
மான்தோல் சுரண்டினாள், ஒப்பிட்டுப் பார்க்க.
மூவாயிரம் இழுப்பு. தோள்பட்டை இறங்கிவிட்டது.
டிராலிபஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்
நாற்றம் தாங்காமல் எழுந்து போனார்.

இதற்கு ஏழாயிரம் வயது.
தேய்வில்லை, கீறலில்லை, ஒன்றுமே இல்லை.
செதுக்கி முடித்ததும்
யார் கூப்பிட்டார்களோ,
அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

படிவத்தில் ‘பயன்’ என்று ஒரு கட்டம்.
அதை வெறித்தபடி
விரல்நுனியால் விளிம்பை வருடுகிறாள்.

சிவப்பாய் ஒரு கோடு.

பஞ்சை நனைத்து
முதலில் கல்லைத்தான் துடைக்கிறாள்.