கட்டளை வரி

கறுப்புத் திரைதான் வேண்டும் என்பாள் யாசென்கா.
வெள்ளையில் கோடு பார்த்தால் தலை வலிக்குமாம்.
தோரியானுக்குச் சாம்பல் நிறம்.
சுட்டியின் குறுக்குக்கோடு
திரையின் நாலு விளிம்பையும் தொட வேண்டும் அவனுக்கு,
இல்லாவிட்டால் கை நடுக்கடலில் நிற்கிறதாம்.
எனக்கு ஒரு கொசு அளவு போதும்.

ரியெக்கா துறைமுகம், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை, மூன்றாம் மாடி.
மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு இங்கே பெயர் பூரா.
அது வீசும் நாளில் பாரந்தூக்கிகள் பூராவும் நின்றுவிடும்.
நாங்கள் மட்டும் வரைவோம்,
வரைந்தபடி சண்டை போடுவோம்:
மேலே நாடாவாக விரியும் பட்டன்கள் நல்லதா,
எந்த வருடத்துப் பதிப்போடு உலகம் கெட்டுப்போனது.

நான் எப்போதும் புதியதின் கட்சி.
வயது ஐம்பத்து மூன்று. எந்த மெனு எங்கே குடிபெயர்ந்தாலும்
ஒரு காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவேன்.
வேத்ரான் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன்,
அவனுக்குப் பழையதுதான்.
நாடா கிடையாது. ஓரமாய் ஒரே ஒரு கருவிப்பட்டை,
அடியில் ஒரு கட்டளை வரி.
தட்டிக்கொண்டே இருப்பான், திரையைக்கூடப் பார்க்காமல்.
"யாருக்குத் தந்தி?" என்று கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் அவனுக்கு முழங்கால் அறுவை.
அதே வாரம் ராப் தீவுப் படகு வந்து நின்றது,
சுக்கான் அறைக்குள் தண்ணீரோடு.
அதன் வரைபடங்களை என் பதிப்பு திறந்தது.
திறந்து, எழுத்து இருந்த இடமெல்லாம்
கேள்விக்குறி நட்டு வைத்தது.
"லியெர்கா, போய் அவன் இடத்தில் உட்காருங்கள்."

உட்கார்ந்தேன். நாற்காலி ரொம்ப உயரம்.
நகர்த்துவதற்கு எம் தட்டினேன், பழக்க தோஷம்.
அவன் அகராதியில் எம் என்றால் கண்ணாடிப் பிம்பம்.
படகுக்குப் பின்னாலும் ஒரு மூக்கு முளைத்தது.
"ஃபெரிதானே, ரெண்டு பக்கமும் போகட்டும்," என்றாள் யாசென்கா.

சுருக்கங்களின் கோப்பைத் திறந்து படித்தேன்.
கே, வட்டம். பி, அழிப்பது.
பெரும்பாலும் நியாயமாகத்தான் இருந்தது.
கடைசியில், விளக்கம் இல்லாமல், எல் எல்.

தட்டினேன்.

கோடெல்லாம் மங்கி
அச்சில் வராத ஓர் அடுக்கு மேலே வந்தது,
வெளிர் ஊதாவில்.
குழாய் வளைவின் பக்கத்தில்:
மாரினோவின் தோள் இங்கே நுழையாது.
ஏணிக்கு மேலே:
தலை. இதுவரை இரண்டு பேர்.
வால்வு அருகே:
இடக்கைக்காரன் என்றால் சரி.
இன்னோரிடத்தில் வெறும் தேதி மட்டும்,
பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு
ஒரு செவ்வகம்.

எத்தனை கப்பல்களை நான் புதியதற்கு மாற்றியிருக்கிறேன்.
மாற்றும்போது என் பதிப்பு மரியாதையாகக் கேட்கும்,
அச்சிடாத அடுக்குகளை நீக்கிவிடவா என்று.
ஒவ்வொரு முறையும் ஆம் என்றிருக்கிறேன்,
அதைப் படித்துக்கூடப் பார்க்காமல்.

சுக்கான் அறைக் குழாயை நாற்பது மில்லிமீட்டர் தள்ளிப் போட்டேன்.
மாரினோ கீழே வெல்டிங் பிரிவில்.
மதியம் சூப்புக்கு வரிசையில் நின்றபோதுதான்
அவன் தோளைச் சரியாகப் பார்த்தேன்.
அகலம்தான்.

அதற்காக நான் கட்சி மாறிவிடவில்லை.
அந்தக் கிழட்டுப் பதிப்பு மூன்று தடவை உறைந்தது,
சேமிக்காத ஒரு மணி நேரத்தை விழுங்கியது,
வாய்க்கு வந்தபடி திட்டினேன், தோரியான் ஜன்னலைச் சாத்தினான்.

வியாழன் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான்.
படகைப் பற்றிக் கேட்கவில்லை,
காலைப் பற்றிச் சொல்லவுமில்லை.
"என் கருவிப்பட்டையை நகர்த்திட்டீங்களா?"
"இல்லையே," என்றேன்,
ஒரு கையில் போன், மறு கையில் சுட்டி,
அது வலப்பக்கமா இருந்தது,
இடப்பக்கமா,
ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி.