ஏழாம் பாத்தி

ஈரப்பதமானி எண்பத்தெட்டு காட்டுகிறது.
குளிரூட்டி நின்று இரண்டு மணி நேரம்.
கண்ணாடிக் கூரைக்கு வெளியே
மரினா பே மழையில் கரைந்துகொண்டிருக்கிறது.

கள்ளிகள் இன்னும் ஓர் இரவு தாங்கும்.
இந்த முட்சங்கன் தாங்காது.
கணுவுக்கு நாலு முள்,
ஒன்றுகூடப் பூஞ்சணத்தைக் குத்தாது.

டன்லப் தெருவில், மீரா லெப்பை கடையில்
இதன் இலைத்தூள் பொட்டலம் ஐந்து வெள்ளி.
பிள்ளை பெற்ற பதினோராம் நாள்
ஈசூனில், பன்னிரண்டாம் மாடியில்
மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.
சளிக்கு ஆகும், மூட்டுவலிக்கு ஆகும்,
பெற்ற உடம்புக்கு ரொம்பவே ஆகும் என்றார்.
கசப்பு மட்டும் உறுதி.

கையுறையைக் கழற்றிவிட்டு
அழுகிய வேரை நறுக்குகிறேன்.
கந்தகத்தூள். காய்ந்த மணல்.
என் மேசையிலிருந்து தூக்கிவந்த
சின்ன மின்விசிறி.
"மருந்துச் செடிக்கே மருந்தா?"
டார்ச் பிடித்தபடி ரொஸ்னா சிரிக்கிறாள்.

மார்பு கனக்கிறது.
பால் எடுக்கும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது;
சீருடையில் இரண்டு ஈரவட்டம்.

கொஞ்சம் பொறு, என்கிறேன்,
செடியிடமா
ஈசூனில் விழித்துக் கிடப்பவளிடமா
தெரியவில்லை.

பெருவிரலில் முள் இறங்கியிருக்கிறது.
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எண்பத்தேழு.