கதைப்பம்

படகு கேபினில் ஓர் ஓட்டை இருக்கிறது,
சுண்டுவிரல் நுழையும் அளவு.
எம்-சீல் வைத்து அடைத்து
மேலே அந்தோணியார் படம் ஒட்டியிருக்கிறேன்.
மழையில் படம் ஊறி உரியும்போதெல்லாம்
அவர் நெஞ்சுக்குப் பின்னால் அந்தச் சாம்பல் வட்டம்.

தங்கச்சிமடத்து ஐஸ் கம்பெனி வாசலில்
வியாகுலம் அண்ணன் தினமும் தீர்ப்புச் சொல்வார்:
"நம்மாளு ரெண்டு கப்பலைக் கொண்டாந்து நிறுத்தி
ஒரே ஒரு தடவை திருப்பிச் சுட்டாப் போதும்,
கடலு குளமா கிடக்கும்."
நானும் தலையாட்டியவன்தான்,
ஐஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டே.

வீட்டில் ஜெனோவாவுக்குச் செபமாலை.
நான் கரை தொடும்வரை மணிகள் நகரும்.
சுட்ட அன்றைக்கும் நகர்ந்துகொண்டுதான் இருந்தன.
இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

மாசியில் கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போனோம்.
பெயர்ப் பட்டியல், பை சோதனை,
ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்.
தீவுக்கு வெளியே இரு நாட்டுக் கப்பல்களும்
பந்தியில் உட்காராத சம்பந்திகள் மாதிரி
முகம் திருப்பி நின்றன.
அவை நின்றதால்தான்
உள்ளே நாங்கள் பயமின்றி முழந்தாளிட்டோம் என்றும்
சொல்லலாம்.
எனக்குத் தெரியவில்லை.

சிலுவைப்பாதை முடிந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது
பக்கத்திலிருந்தவர் பாதிச் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினார்.
நெடுந்தீவுக்காரர். பத்திநாதர்.
"எவடம் தம்பி?"
"தங்கச்சிமடம்."
"வள்ளமோ?"
"விசைப்படகு. டிரைவர்."

நீட்டிய கை அப்படியே நின்றது.
சோற்றை அவர் பின்னால் இழுக்கவில்லை.
அதுதான் எனக்கு விழுங்க முடியாமல் போயிற்று.

பிறகு குச்சியால் மணலில் ஒரு கோடு கீறினார்.
எல்லைக்கோடு என்று நினைத்தேன்.
இல்லை, அது அவர் வலை.
நாற்பது துண்டு.
மகளின் சங்கிலியை அடகு வைத்து வாங்கியது.
ஒரு திங்கட்கிழமை இரவு விரித்தார்,
விடியப் போனால் நாலைந்து மிதவை மட்டும்.
"துவக்குச் சத்தத்துக்கு நித்திரை முறிஞ்ச சனம் நாங்கள்.
இப்ப உங்கட இஞ்சின் சத்தத்துக்கு முறியுது."

திங்கள், புதன், சனி எங்கள் நாள்.
எந்தத் திங்கள் என்று நான் கேட்கவில்லை.
மடியை அகட்டும் பலகை ஒவ்வொன்றும்
இரண்டு ஆள் தூக்கும் இரும்பு.
டோக்கன் ஆபீசில்
ஆயுதம் என்று யாரும் அதை எழுதுவதில்லை.

அந்தோணியார், காணாமல் போனதைத் தேடித் தருகிறவர்.
பூசையில் வாய் திறந்து
நாற்பது துண்டு வலையை
யார் பெயரில் கேட்பது?
ஒன்றும் கேட்காமல் எழுந்துவிட்டேன்.

படகேறும்போது அவர் சொன்னார்:
"சரி, பிறகு கதைப்பம்."
எங்கள் ஊரில் கதை என்றால்
முடிந்துபோனது, இல்லை நடக்காதது.
அவர் ஊரில் பேச்சுக்கே அதுதான் பெயர்.
பேச்சுவார்த்தைக்கு ஒருமுறை போயிருக்கிறேன்.
ஏசி அறை, முந்திரி பிஸ்கட்,
அடுத்த தேதி பின்னர் அறிவிக்கப்படும்.
அவர் சொன்னது அதை இல்லை.

அடுத்த திங்கள் இரவு, ஏழு பாகம் தண்ணீரில்,
முன்னால் ஒரு மிதவை விளக்கு மினுங்கியது.
மடியைத் தூக்கச் சொன்னேன்.
"இப்பத்தானே அண்ணே போட்டோம்?" என்றான் டார்வின்.
"ஒரு ஆளோட கதை பாக்கி இருக்குடா."
அவனுக்கு விளங்கியிருக்காது.
வயர்லெஸ்ஸில் முதலாளி கத்திக்கொண்டிருந்தார்.
மடியில் காரலும் பாசியும், ஒரு கை இறாலும்.

திரும்பும் வழியில் நேவி லைட் அடித்தது.
மடி தூக்கிய படகா, தூக்காத படகா,
வெளிச்சத்துக்கு என்ன தெரியும்?
கண் கூச நின்றேன்,
உள்ளங்கையால் படத்தைப் பொத்திக்கொண்டு.
அவர்கள் சுடவில்லை.
ஏன் என்று யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

டீசல் கடன் அப்படியே நிற்கிறது.
புதன்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று.